எட்டு வசனம் போதும் (வாசகர் கேள்வி பதில்)

தினமும் மூன்று, நான்கு அதிகாரம் வாசித்து வருஷத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முடித்துவிடுகிறேன். ஆனால் முழங்காலில் நின்றால் ஐந்து நிமிஷத்தில் வார்த்தை தீர்ந்துபோகிறது. என்ன தப்பு?
– வாசகி, நாகர்கோவில்

வாசிப்பு ஒரு பக்கம், ஜெபம் ஒரு பக்கம் என்று கிடப்பதுதான் தப்பு. 1189 அதிகாரங்களை 365 நாளில் முடிக்க, நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் எந்த வசனமும் நாக்கில் தங்காது. வருஷ வாசிப்பை விட்டுவிட வேண்டாம், இரவுக்குத் தள்ளிவையுங்கள். காலைக்கு எட்டே வசனம் போதும்.

தொடங்க நல்ல இடம் 119ஆம் சங்கீதம். 176 வசனங்கள், எபிரெய எழுத்து வரிசையில் 22 பகுதிகள், பகுதிக்கு எட்டு. 22 நாளில் முடியும். அநேகமாக எல்லா வசனமும் கர்த்தரைப் பார்த்தே பேசுவதால், ஜெபமாக மாற்றும் வேலையும் மிச்சம்.

33 முதல் 40 வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு வாசித்து, கேட்கிற வார்த்தைகளுக்கு மட்டும் கோடு போடுங்கள்: போதியும், உணர்வைத் தாரும், நடத்தும். பிறகு ஒவ்வொரு வசனத்திலும் நின்று, உங்கள் காரியத்தை அதில் வையுங்கள். 36ஆம் வசனம் பொருளாசையைப் பற்றியது. ‘பொருளாசையை நீக்கும்’ என்று பொதுவாகச் சொன்னால் அடுத்த வாக்கியம் வராது. எதிர்வீட்டார் மாடி எழுப்பியதைப் பார்த்து உள்ளே புகைந்ததைச் சொல்லிப் பாருங்கள், வரும். ‘மாயையைப் பாராதபடி நீர் என் கண்களை விலக்கி’ என்ற 37ஆம் வசனத்துக்கு விளக்கம் வேண்டாம், கையில் போன் இருக்கிறதே!

எட்டும் பேச வேண்டும் என்பதில்லை. இரண்டு வசனம் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள், மற்றவை நாளைக்கும் இருக்கும். வாசிக்க ஐந்து நிமிஷம், ஜெபிக்கப் பத்து, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்களை நடத்திய ஜார்ஜ் முல்லர், குறைந்தது பத்து வருஷம் காலையில் எழுந்ததும் நேரே ஜெபத்துக்குப் போனவர். கால் மணி, அரை மணி மனம் அலைந்த பிறகே ஜெபம் பிடிபட்டது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். 1841இல் முதலில் வசன தியானம், அதிலிருந்து ஜெபம் என்று வரிசையை மாற்றிக்கொண்டார்.

மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். பாதுகாப்பு, வேலை, கல்யாணம், இந்த மூன்றுக்கு மேல் அவனுக்காக என்ன ஜெபிப்பதென்று தெரியவில்லை.
– வாசகி, பாளையங்கோட்டை

கொலோசெ சபைக்காகப் பவுல் ஜெபிக்கிற கொலோசெயர் 1:9-12ஐத் திறந்து, ‘நீங்கள்’ என்று வருகிற இடத்தில் மகன் பெயரைப் போடுங்கள். உம்முடைய சித்தத்தை அறிகிற அறிவினால் அவன் நிரப்பப்பட வேண்டும், உமக்குப் பிரியமாய் நடக்க வேண்டும், நற்கிரியைகளில் கனி தர வேண்டும், உம்மை அறிகிற அறிவில் வளர வேண்டும் என்று நான்கு விண்ணப்பம் கையில் வந்துவிடும். 11ஆம் வசனத்தில் கொஞ்சம் தங்குங்கள். ‘எல்லா வல்லமையாலும்’ பலப்படுத்தும்படி பவுல் கேட்கிறார். எதற்கு? அற்புதம் செய்ய அல்ல, ‘சந்தோஷத்தோடே கூடிய எல்லாப் பொறுமையும் நீடியசாந்தமும்’ உண்டாவதற்கு. மேலதிகாரியிடம் திட்டு வாங்கிவிட்டு அறைக்குத் திரும்புகிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஜெபம் எங்களுக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு ஜெபிக்கக் கூடாதென்று சொல்லவில்லை, தாராளமாக ஜெபியுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: மகன் ஊருக்கு வந்திருக்கும்போது குடும்ப ஜெபத்தில் இந்த வசனங்களை அவன் காதுக்காகச் சொல்ல வேண்டாம். ‘ஆண்டவரே, சிலர் ஆலயத்துக்கே போவதில்லை’ என்பது ஜெபமல்ல, குத்திக்காட்டல். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வருஷப்பிறப்பு ஆராதனையில் எனக்கு அட்டையில் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. இதைச் சொல்லி வெளிநாட்டு வேலைக்காக ஜெபிக்கலாமா?
– வாசகர், தூத்துக்குடி

வேலைக்காக ஜெபியுங்கள், இந்த வசனத்தைச் சீட்டுபோல நீட்டாதீர்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் இது. முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது, கேட்டவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க முடியாது. கர்த்தர் கொடுக்கப்போவதை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்று சொல்வதால், மனதில் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று படிக்கத் தோன்றுகிறது. எபிரெயத்தில் இருப்பவை எதிர்காலம், நம்பிக்கை என்ற இரண்டு சொற்கள்தான். அதே கடிதத்தின் 7ஆம் வசனம், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணச் சொல்கிறது. விசா வரும்வரை தூத்துக்குடிக்காக ஜெபிக்கலாமே. எந்த அட்டை வசனமானாலும், ஜெபிக்குமுன் மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் வாசித்துவிடுங்கள்.

சங்கீதம், நிருபம் (சபைகளுக்கு எழுதிய கடிதம்) சரி. கட்டளைகள் நிறைந்த லேவியராகமத்தை வைத்து எப்படி ஜெபிப்பது?
– வாசகர், வேலூர்

ஜெபிக்கச் சொல்லித் தரும்படி கேட்ட பேதுரு என்ற நாவிதருக்கு, ஜெர்மனியின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1535இல் எழுதிய வழி இதற்குத் தோதானது. ஒவ்வொரு கட்டளையிடமும் நாலு காரியம் கேட்பது: என்ன கற்பிக்கிறது, எதற்கு நன்றி சொல்ல, எதை அறிக்கையிட, எதை வேண்ட.

லேவியராகமம் 19:13ஐ வையுங்கள்: ‘கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.’ கற்பிப்பது வெளிப்படை. நன்றி, ஏழையின் ஒரு நாள் கூலியைக்கூடக் கணக்கில் வைக்கிற தேவனுக்கு. மூன்றாவதில்தான் நாம் மாட்டுவோம். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குப் போன மாதச் சம்பளம் பாக்கி நின்றால், நாலாவதற்குப் போகுமுன் எழுந்துபோய் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.