முன்விரோதம் உள்ள சாட்சி

கேள்வி: டான் சிம்மன்ஸ் எழுதிய ‘ட்ரூட்’ நாவலை ஒரு மாதமாகப் படித்து முடித்தேன். சார்ல்ஸ் டிக்கன்ஸின் கடைசி ஐந்து வருடங்களை, அவருடைய நண்பரும் போட்டியாளருமான வில்கி காலின்ஸ் சொல்வதாக அமைந்த கதை. 700 பக்கங்களுக்கு மேல் பேயையும் பாதாள அறைகளையும் காட்டிவிட்டு, கடைசியில் ‘மனவசியம், அபின் மயக்கம்’ என்று சொல்வது வாசகனை ஏமாற்றும் வேலை இல்லையா? உண்மையில் வாழ்ந்த எழுத்தாளரான காலின்ஸைக் கொலைத் திட்டம் போடுகிறவராகக் காட்டலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். தான் செத்து 125 வருடம் கழித்துத்தான் இந்தக் கையெழுத்துப் பிரதி வெளிவர வேண்டும் என்கிறார் காலின்ஸ். அதைப் படிக்கிற உங்களுக்குத் தன் பெயரே தெரிந்திருக்காது என்றும் சொல்கிறார். டிக்கன்ஸை மட்டும் எல்லாருக்கும் தெரியும் என்ற மனக்குறை அது. வழக்குமன்றத்தில் இப்படி ஓர் ஆள் கூண்டில் ஏறினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எழுப்புகிற கேள்வியே முன்விரோதம் பற்றித்தான் இருக்கும். சிம்மன்ஸ் அதை மறைக்கவில்லை, வாசலிலேயே வைத்திருக்கிறார்.

அடுத்தது ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்து. 1865 ஜூன் 9 அன்று, பழுது பார்ப்பதற்காகப் பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் ரயில் வந்துவிட்டது. 10 பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் இருந்த பெட்டி பாலத்திலிருந்து தொங்கியது. அவர் இறங்கி, தன் தொப்பியில் தண்ணீர் மொண்டுவந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். அப்புறம், எழுதிக்கொண்டிருந்த நாவலின் பிரதியை எடுக்க அதே பெட்டிக்குள் மறுபடி ஏறினார். இவ்வளவும் வரலாறு. நாவலில், இந்தப் பிணங்களுக்கு நடுவேதான் கறுப்பு அங்கியில் ட்ரூட் என்ற விகார உருவம் நடந்து வருகிறது. அந்த உருவத்தைக் காலின்ஸ் அங்கே பார்த்தாரா? இல்லை. அவர் அந்த ரயிலிலேயே இல்லை. டிக்கன்ஸ் சொல்லக் கேட்டதை நமக்குச் சொல்கிறார். வெறும் கேள்விச் சாட்சியம். பயம் நம் நெஞ்சில் ஏறிவிட்டதால் ‘நீ எங்கே இருந்தாய்?’ என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

அபினும் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்ட சாக்கு இல்லை. உண்மையான காலின்ஸ் கீல்வாத வலிக்காக லாடனம் என்ற அபின் கரைசலைக் குடித்தவர். நாளாக ஆக, ஒயின் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும் அளவுக்குப் போனவர். தன்னைப் போலவே இன்னொரு வில்கி நிற்பதாக அவரே சொல்லியிருக்கிறார். டிக்கன்ஸ் பக்கமும் பாருங்கள். அவர் 1844-45இல் ஜெனோவாவில் இருந்தபோது, நரம்புக் கோளாறில் தவித்த ஒரு நண்பரின் மனைவிக்கு மனவசிய சிகிச்சையே செய்து பார்த்தவர்.

இந்தத் திருப்பத்தின் வேர் காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ நாவலில் இருக்கிறது. 1868இல் வந்தது, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கொள்ளை போன வைரத்தைப் பற்றியது. படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அதில் வைரத்தை எடுத்தவனைத் தேடி அலைபவனே, யாரோ கொடுத்த அபின் மயக்கத்தில் அதை எடுத்தவன். அவனுக்கே அது தெரியாது. சிம்மன்ஸ் அதே விதியை அதை எழுதியவர் தலையிலேயே எழுதியிருக்கிறார். தான் காலின்ஸை வசியப்படுத்தியதாக டிக்கன்ஸ் சொல்கிறார், காலின்ஸ் ஏற்க மறுக்கிறார். ‘எல்லாம் மயக்கம்’ என்று நாவல் தீர்ப்புச் சொல்லவில்லை, அது நீங்களாக எழுதிக்கொண்டது.

சரி, இரண்டாவது கேள்வி. இங்கே பாதி உங்கள் பக்கம். பொறாமைக்கு விதை இருந்தது. ‘மூன்ஸ்டோன்’ கதைக்கட்டு சகிக்க முடியாத அலுப்பு என்று டிக்கன்ஸ் ஒரு கடிதத்தில் எழுதினார், அதைத் தன் பத்திரிகையிலேயே தொடராக வெளியிட்டுக்கொண்டு! டிக்கன்ஸ் பாதியில் விட்டுப் போன ‘எட்வின் ட்ரூட்’ என்ற கடைசி நாவல் ஓய்ந்துபோன மூளையின் வேலை என்று காலின்ஸ் பின்னாளில் ஒரு புத்தக ஓரத்தில் குறித்து வைத்தார். இதைப் பெரிதாக்க நாவலாசிரியருக்கு உரிமை உண்டு. கொலைத் திட்டம்கூட எனக்கு உறுத்தவில்லை.

என் வருத்தம் வேறு. ‘வுமன் இன் ஒய்ட்’, ‘மூன்ஸ்டோன்’ இரண்டிலும் காலின்ஸ் ஒரே ஆளிடம் கதையை ஒப்படைக்கவில்லை. நீதிமன்றத்தில் சாட்சிகள் ஒவ்வொருவராக வருவதுபோல், வீட்டு வேலைக்காரரும் வக்கீலும் நாட்குறிப்பு எழுதும் பெண்ணும் அவரவர் பார்த்ததை மட்டும் சொல்வார்கள். ஒருவர் திரித்தால் அடுத்தவர் பேச்சில் அது தெரிந்துவிடும். அப்படி ஒரு முறையை வளர்த்த மனிதரை, சிம்மன்ஸ் தனியாகக் கூண்டில் நிறுத்திவிட்டார். டிக்கன்ஸின் மகள் கேட் நாவலில் வருகிறார். காலின்ஸின் தம்பியைக் கட்டியவர், இரண்டு வீட்டையும் உள்ளிருந்து பார்த்தவர். அவர் கையால் பத்துப் பக்கம் எழுதியிருந்தால், காலின்ஸ் எங்கே பொய் சொல்கிறார், எங்கே பாவம் உண்மையாகவே பயப்படுகிறார் என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். அந்தப் பத்துப் பக்கத்தைத்தான் நான் கடைசிவரை தேடினேன்.