புண்டா கானா ஏடிவி பயணம்: பத்து வயதுப் பையனைப் பின்னால் ஏற்றலாமா?

டொமினிக்கன் குடியரசின் புண்டா கானாவில் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் வண்டி) எடுத்து, பத்து வயதுப் பையனைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றை இருக்கை ஏடிவியில் வேண்டவே வேண்டாம். எடை பின்பக்கம் போனால் மேடு ஏறும்போது முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சீட் பெல்ட்டும் இரும்புக் கூண்டும் உள்ள, இருவர் அருகருகே உட்காரும் பக்கி (buggy) வண்டியைக் கேளுங்கள். பெல்ட் அவன் கழுத்தில் உரசாமல் தோளில் படிய வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் அசையக்கூடாது. இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அவனை ஏற்றாதீர்கள். வண்டி சாய்ந்தால் கையை வெளியே நீட்டி ஊன்றக்கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள், கை நசுங்குவது அப்படித்தான்.

புண்டா கானா அருகிலுள்ள மக்காவோ கடற்கரைப் பக்கம் காய்ந்தால் புழுதி, மழை பெய்தால் சேறு. கண்ணாடி, மூக்கை மூடத் துணி, மூடிய ஷூ அவசியம். புழுதியில் முன்வண்டி நின்றது தெரியாது, நன்றாக இடைவெளி விடுங்கள்.

கிளம்புமுன் வண்டியிலுள்ள கீறல்களைப் படமெடுங்கள். உங்கள் பயணக் காப்பீடு ஏடிவி விபத்தை விலக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.