காரை ஓடைக்குச் சாலை போடுமுன்

கேள்வி: பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஓடைகளில் நத்தை வடிவக் கற்கள் கிடக்கின்றன. ஞாயிறானால் காரில் வந்து பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். சாலை போட்டுச் சுற்றுலாத் தலமாக்கலாம் என்று ஊரில் பேச்சு. இடத்தின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அந்த நத்தைக் கற்கள் அம்மோனைட்டுகள் என்ற கடலுயிர்களின் புதைபடிவங்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊர் கடலாக இருந்தபோது வாழ்ந்தவை. நத்தையைவிடக் கணவாய்க்குத்தான் நெருங்கிய சொந்தம். துப்பாக்கித் தோட்டா போல இருப்பவை பெலம்னைட்டுகள். அவையும் அதே வகையறா.

அறிவியல் மதிப்பு, கல்விப் பயன், சுற்றுலாப் பயன், சிதையும் அபாயம் என நான்குக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். போர்ச்சுகல் புவியியலாளர் ஜோசே பிரில்யா 2016இல் வெளியிட்ட முறை இதுதான். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிடாதீர்கள், காரியமே கெட்டுவிடும். சாலையையே பாருங்கள். எளிதில் போய்வர முடிவதற்குச் சுற்றுலாக் கணக்கில் 100க்கு 10 பங்கு எடை, அபாயக் கணக்கிலோ 15. சாலை வந்தால் பயனும் ஏறும், அபாயமும் ஏறும். கூட்டினால் இந்த முரண் மறைந்துபோகும்.

காரை களிமண் பூமி. மழைக்கு மழை ஓடை புதிதாக அறுக்கும், உள்ளே இருப்பது கொஞ்சம் வெளியே வரும். ஒரு அம்மோனைட் எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் சான்று. பொறுக்கி எடுத்துவிட்டால் அது அலமாரியில் வைக்கிற அழகுக் கல், அவ்வளவுதான். உங்கள் மாவட்டத்திலேயே சாத்தனூரில் இருக்கும் கல்மரம், அதாவது கல்லாகிப்போன பழைய மரம், வேறு கதை. 18 மீட்டர் நீள மரத்தை யாரும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. அங்கே வேலி உதவும், காரையில் வேலி மட்டும் போதாது.

சரி, என்ன செய்யலாம்? மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்து வையுங்கள். ஓரிரு ஓடைகளை மட்டும் பார்வையாளருக்கு விட்டு, மற்றவற்றைத் தொடாமல் வையுங்கள். வண்டிகள் ஊர் எல்லையிலேயே நிற்கட்டும். அங்கிருந்து உள்ளூர்ப் பிள்ளைகள் கூலிக்கு வழிகாட்டி நடத்திப் போகலாம். கிட்டத்தில் பார்க்க ஆசைப்படுவோரை அரியலூர் அருகே வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். அப்புறம், நிலம் புறம்போக்கா பட்டாவா என்று சர்வே எண்ணோடு குறித்து, படங்களையும் சேர்த்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். சாலைத் தீர்மானம் அதற்கப்புறம் வரட்டும்.