கறுப்பெல்லாம் பாசி அல்ல

கேள்வி: திருவையாறு பக்கம் ஒரு சிவன் கோயிலில் உழவாரப் பணி செய்கிறோம். கருவறையின் வடபுற அதிட்டானத்தில் (சுவரைத் தாங்கும் அடிப்பீடத்தில்), கல்வெட்டின் மேலேயே கறுப்பும் பச்சையுமாகப் படிந்திருக்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார் ஒருவர். விளக்கொளியிலேயே பாசியா, அழுக்கா என்று கண்டுபிடிக்கலாமாமே? எங்களால் முடியுமா?

பதில்: ஆசிட்டை முதலில் கோயிலுக்கு வெளியே வையுங்கள். கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்பார்கள். கல் இடுக்கில் இருக்கும் சுண்ணாம்பு கரைந்துவிடும்; கல்லுக்குள் இருக்கும் இரும்பு மஞ்சள் கறையாக வெளியே வரும். அந்தக் கறையோடு ஒப்பிட்டால் பாசியே பரவாயில்லை.

ஒளிச் சோதனையை நீங்களே செய்யலாம். பாசியின் பச்சையம் புற ஊதா ஒளியையோ நீல ஒளியையோ வாங்கி, அதில் சிறு பங்கைச் சிவப்பாக உமிழும். 680 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஓர் உச்சம், 740ஐ ஒட்டி இன்னொன்று. பச்சையம் சிதைந்தால் அந்தச் சிவப்பும் போய்விடும். சுவீடனின் லுண்ட், இத்தாலியின் பார்மா தேவாலயங்களில் லேசரைத் தொலைவிலிருந்தே பாய்ச்சி இப்படிச் சுவரைப் படித்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு டார்ச் போதும்.

ஆனால் 365 நானோமீட்டர் டார்ச்சாக இருக்கட்டும். கள்ளநோட்டுப் பார்க்கும் மலிவு விளக்குகள் பெரும்பாலும் 395. அவற்றின் ஊதா வெளிச்சமே மெல்லிய சிவப்பை விழுங்கிவிடும். அமாவாசையை ஒட்டிய இரவில், பிராகார விளக்குகளை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகியபின் பாருங்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம். கைபேசியை முக்காலியில் நிறுத்தி, நீண்ட நேர எக்ஸ்போஷரில் படம் எடுங்கள். ஓவியம் உள்ள சுவரில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்.

ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் காய்ந்த நீலப்பசும்பாசி வெறும் கரிபோலக் கிடக்கும்; சிவப்பும் தெரியாது. சாயங்காலமே நல்ல தண்ணீர் தெளித்து, ஓரிரு மணி நேரம் ஊறவிட்டுப் பாருங்கள். அப்போதும் இருண்டே இருந்தால் விளக்குப் புகையாக இருக்கலாம், கரும்பூஞ்சையாகவும் இருக்கலாம். பூஞ்சைக்குப் பச்சையம் கிடையாது, அதனால் விளக்கு அதைப் பற்றி வாய் திறக்காது. பளிச்சென்று மஞ்சளாக ஒளிர்ந்தால் அவசரப்படாதீர்கள். சிலவகை கல்பாசி (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்; குழம்பில் போடுகிறோமே, அதன் உறவுக்காரர்கள்) அப்படி ஒளிரும். அபிஷேக மஞ்சளும் அப்படியே ஒளிரும்! வெள்ளை நீலமாக மின்னினால், பக்கத்தில் நிற்பவர் வேட்டியின் சோப்புத்தூளாகவும் இருக்கலாம்.

கல்பாசி என்று தெரிந்தால் சுரண்டாதீர்கள். அதன் இழைகள் கல்மணிகளுக்கு இடையே இறங்கியிருக்கும். பெயர்த்தால் எழுத்தின் விளிம்பும் கூடவே வந்துவிடும். பச்சைப் பாசி மட்டும் என்றால், தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். அதற்கும் அறநிலையத் துறையிடமோ தொல்லியல் துறையிடமோ அனுமதி வாங்கிக்கொண்டு, கல்வெட்டைப் படம் எடுத்தபின் தொடுங்கள்.

வடபுறம் என்கிறீர்கள். அபிஷேக நீர் வெளியேறும் கோமுகை அங்கேதான் இருக்கும். அபிஷேக நீர் தொட்டியில் விழாமல் சுவரோடு வழிகிறதா என்று நாளைக் காலைப் பூசையின்போது நின்று பாருங்கள். வழிந்தால், அதைச் சரிசெய்த பிறகுதான் பிரஷை எடுக்க வேண்டும்.