ஒட்டவைத்த விரல் குட்டையாகிவிட்டதே!

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. பைக் சக்கரத்தில் கால் சிக்கி, வலது கால் பெருவிரல் துண்டானது. ஆபரேஷன் செய்து ஒட்டவைத்துப் பத்து மாதமாகிறது. இப்போது இடது விரலைவிடக் குட்டையாகத் தெரிகிறது. தெரிந்தவர் ஒருவர், ஸ்டெம் செல் (மற்ற செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டு எலும்பை நீட்டும் இடத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள். நசுங்கிய எலும்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டுத்தான் விரலைப் பொருத்துவோம். அப்போதுதான் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள விரல் ரத்தக்குழாய்கள் இழுபடாது. அதனால் வந்த குட்டை இது. எலும்பின் அடிப்பகுதியில், எலும்பு நீள்வதற்குக் காரணமான வளர்ச்சிக் குருத்தும் அடிபட்டிருந்தால், வளர வளர வித்தியாசம் கூடும். அப்படியானாலும் பையன் ஓடுவான், பந்து உதைப்பான். விரல் முன்புபோல் மடங்காது. குழந்தைகள் அதற்குப் பழகிவிடுவார்கள்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: விரல் கோணுவது. குருத்தின் ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் வளர்ந்தால் விரல் சாய்ந்துகொண்டே போகும். குட்டையான விரலை விட்டுவிடலாம், சாயும் விரலை விடக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பாதத்தையும் ஒரே பிலிமில் எக்ஸ்ரே எடுத்து, ஒட்டிய டாக்டரிடமே காட்டுங்கள். நகம் ஒரு பக்கமாகத் திரும்புவது தெரிந்தால் அடுத்த எக்ஸ்ரே வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

அந்த ஊசி விஷயம். ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர மற்றவற்றுக்கு, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இருந்தும் போர்டு மாட்டி விற்கிறார்கள், ஆள் பிடித்து வருபவருக்குக் கமிஷன் தருகிறார்கள், கேட்பார் இல்லை. விரலில் உணர்வு திரும்பிவிட்டதா என்பதையும் பாருங்கள். வெட்டுப்பட்ட நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. தானாகவே வளரும். பையனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் வெறுங்காலோடு வெயிலில் விடாதீர்கள். சுட்டாலும், ஷூ கடித்தாலும் அவனுக்குத் தெரியாது.

அப்புறம், உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். 'விரல் ஒட்டப்பட்டது' என்று ஒரே வரி இருக்கும். எலும்பு எங்கே வெட்டுப்பட்டது, எவ்வளவு குறைத்தார்கள், எலும்பைச் சேர்த்துப் பிடிக்கச் செருகிய கம்பி குருத்தைத் தாண்டியதா, எதுவும் இருக்காது. இப்படி எழுதித் தருவதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஆபரேஷன் குறிப்பை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதியே சொல்கிறது. அது கையில் இருந்தால், விரல் இன்னும் எவ்வளவு வளரும் என்பதை உங்கள் டாக்டர் ஓரளவு கணித்துச் சொல்லிவிடலாம்.