நாலு பேர் நடுவில் மனசு திறக்க முடியுமா?

கேள்வி: நாலு பேர் முன்னால் பேசினாலே கை நடுங்கி வியர்த்துவிடுகிறது. மனநல மருத்துவர், பலர் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் குழு சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால்? போகலாமா?
- வாசகி, மதுரை

பதில்: போகலாம் என்றுதான் சொல்வேன். பேசவே பயப்படுகிறவரைக் கூட்டத்தில் உட்கார வைப்பது கொடுமை மாதிரித் தெரியும், ஆனால் உங்கள் பதற்றத்துக்கு அந்த அறைதான் பயிற்சிக்களம். எதிர் நாற்காலிக்காரர் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்க்கும்போது, நடுங்குவது நம் கை மட்டுமில்லை என்று புரியுமே, அதைத் தனி ஆலோசனையில் யாராலும் காட்ட முடியாது. பெரும்பாலும் 6 முதல் 10 பேர்தான் இருப்பார்கள். முதல் நாளே பேசியாக வேண்டும் என்பதில்லை.

தெரிந்தவர் பயம் நியாயமானது; நம்ம ஊரில் யார் யாருக்குச் சொந்தம் என்றே சொல்ல முடியாது. சேரும் முன் நடத்துபவரைத் தனியாகப் பார்த்து, உள்ளே பேசியது வெளியே போகாமலிருக்க என்ன விதி, தெரிந்த முகம் வந்தால் வேறு குழுவுக்கு மாற்றுவீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் குழுவெல்லாம் அப்புறம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், நடுராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.