நாக்குக்கு அடியில் மாத்திரை, மேட்டுப்பாளையத்துக்கு முதல் பஸ்

கோத்தகிரி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“என் தம்பிக்கு 26 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோது முதுகுவலிக்கு என்று நண்பர்கள் கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்து, கடைசியில் அதையே கரைத்து ஊசியாகப் போடும் அளவுக்குப் போய்விட்டான். ஊருக்குக் கூட்டி வந்த முதல் இரண்டு நாள் மூக்கு ஒழுகி நடுங்கினான். மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து கம்பளி போர்த்திவிட்டோம். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ஐந்து மாதமாக கோவையில் மனநல மருத்துவரிடம் காட்டி, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எடுக்கிறான். ஆள் தெளிவாக இருக்கிறான், தோட்டத்து வேலைக்கும் போகிறான். ஆனால் வாரா வாரம் கோவைக்குப் போக ஒரு நாள் கூலி போகிறது. மழையில் ரோடு அடைத்தால் மாத்திரை தீர்ந்துவிடுமோ என்று பயம். ‘இதுவும் போதைதானே, எத்தனை நாளைக்கு’ என்று அம்மா அழுகிறார். மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. கனடாவில் இருக்கும் சித்தப்பா மகள், அங்கே மெத்தடோன் என்று ஒரு மருந்து தினமும் கொடுப்பார்கள், அதைக் கேளுங்கள் என்கிறாள். நாங்கள் என்ன செய்வது? இன்னொன்று: பல் கூசுகிறது என்கிறான். மாத்திரையாலா?”

அம்மா, உங்கள் வீட்டில் மருந்து சரியாகத்தான் இருக்கிறது. சரியில்லாதது பயணம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. பயணத்தைச் சரிசெய்யப் பாருங்கள், மருந்தை விட்டுவிடாதீர்கள்.

முதலில் உங்கள் அம்மாவின் கேள்வி. போதை என்பது ஏறி இறங்குவது. ஊசி போட்ட சில நிமிடத்தில் உச்சி, சில மணி நேரத்தில் நடுக்கம், கொட்டாவி, வயிற்றுப்போக்கு, அடுத்த ஊசிக்குப் பணம் தேடும் ஓட்டம். இந்த மாத்திரையில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. கோவையில் தருவது பெரும்பாலும் புப்ரெனார்ஃபின், அதோடு நலாக்ஸோன் (கரைத்து ஊசியாகப் போடாமல் இருக்கச் சேர்க்கும் தடுப்பு மருந்து) சேர்ந்ததாக இருக்கும். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த வேலையைத்தான் இது மூளையில் செய்கிறது. வலி மாத்திரை போய் உட்காரும் சீட்டில் இது முன்கூட்டியே துண்டு போட்டுவிடுகிறது. பின்னால் ஏறுகிறவருக்கு உட்கார இடமில்லை. சீட்டும் காலியாக இல்லை என்பதால் உடம்பு தவிப்பதும் இல்லை. அவன் தோட்டத்துக்குப் போய் வருகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடம்பு இந்த மாத்திரைக்குப் பழகித்தான் இருக்கும், திடீரென்று நிறுத்தினால் கஷ்டப்படும், அதை நான் மறைக்கவில்லை. சர்க்கரைக்காரருக்கு இன்சுலினை நிறுத்தினாலும் கஷ்டம்தான், அதற்காக இன்சுலினைப் போதை என்று யாரும் சொல்வதில்லை.

கனடாத் தங்கை சொன்னது தப்பில்லை. மெத்தடோன் நல்ல மருந்து, பழைய மருந்தும்கூட. 1964-இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹெராயின்காரர்களுக்கு இதைத் தினமும் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்கள் ஊசியைத் தேடுவதை விட்டு வேலை, படிப்பு என்று பேச ஆரம்பித்தார்கள். 2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கனடாவில் மருந்துக்கடையிலேயே, மருந்தாளுநர் கண் முன்னால் அந்தத் திரவத்தைக் குடிக்க வேண்டும். குடித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், அல்லது பேச்சுக் கொடுப்பார்கள். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாதே! நாள்பட நம்பிக்கை வந்த பிறகுதான் வீட்டுக்கே கொடுத்து அனுப்புவார்கள்.

இந்தியாவில் மெத்தடோன் 2012 வாக்கில்தான் வந்தது, அதுவும் சில மையங்களில் மட்டும். இங்கே பரவலாகக் கொடுப்பது புப்ரெனார்ஃபின்தான். மெத்தடோன் கிடைத்தாலும் உங்கள் தம்பிக்கு நான் இப்போது அதைச் சொல்ல மாட்டேன். அது உடம்பில் மெதுவாகக் கரையும். இன்று குடித்ததில் ஒரு பங்கு நாளைக்கும் மிச்சம் இருக்க, அதன் மேல் நாளைய அளவு சேரும். அதனால் முதல் இரண்டு வாரம் கவனமாகப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மூச்சு மங்கிவிடும். மூன்று நாள் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே குடிக்கவும் கூடாது. மண் சரிந்து ரோடு அடைக்கிற ஊரில் தினசரி மருந்தகத்துக்கு எங்கே போவது? புப்ரெனார்ஃபினுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் ஏறாது, வீட்டுக்கும் கொடுக்கலாம். நம் மலைக்கு அதுதான் தோது.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்தை நிறுத்தி மூன்று மாதம் பூட்டி வைத்தால் உடம்பு தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்த அன்று, பழைய சிநேகிதன் கையில், பழைய அளவு. அந்த அளவைத் தாங்கிய உடம்பு இப்போது இல்லை. மூச்சு நின்றுவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பத்தின் நச்சரிப்புக்கு இணங்கி, நன்றாக இருந்த பையனுக்கு நாற்பதே நாளில் மாத்திரையைக் குறைத்து நிறுத்தினேன். ‘சுத்தமாகிட்டான் டாக்டர்’ என்று அவன் அப்பா ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து கொடுத்தார். ஆறு வாரம் கழித்து, பேச்சுமூச்சில்லாமல் அவனைத் தூக்கி வந்தார்கள். பிழைத்தான். பிழைக்காமலும் போயிருக்கலாம். அதற்குப் பிறகு யாருடைய நச்சரிப்புக்கும் நான் மசிந்ததில்லை.

எல்லா மையமும் மோசம் என்று சொல்லவில்லை. மாமா விடாப்பிடியாக இருந்தால் அங்கே மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: அரசிடம் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா, இந்த மாத்திரையைத் தொடர விடுவார்களா? மூன்றாவது கேள்விக்கு ‘இங்கே மாத்திரையே கிடையாது’ என்று பெருமையாகச் சொன்னால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள். விருப்பமில்லாதவரைக் குடும்பம் நினைத்தபடி பூட்டி வைக்க 2017 மனநலச் சட்டத்திலும் இடமில்லை.

இனி பயணம். ஐந்து மாதம் ஒழுங்காக இருக்கிறவனுக்கு இரண்டு வார மாத்திரையைச் சேர்த்துத் தர முடியுமா என்று கோவை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை முன்வைத்தே கேளுங்கள். சமவெளியில் இருப்பவருக்குக் கோத்தகிரி ரோடு அடைபடுவது சட்டென்று மனதில் வராது. கூடவே உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். மாத்திரை அங்கே இருப்பில் உண்டா என்று அவரே போனில் விசாரித்துக் கடிதம் கொடுக்கட்டும். சாதாரண மருந்துக்கடையில் இது கிடைக்காது என்பதால், விசாரிக்காமல் மாறினால் நடுவில் தொங்கிப்போவீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்பதையும் தெரிந்து வையுங்கள். போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டுமே இலவசம்.

ரோடு அடைத்து ஒரு நாள் தவறிவிட்டால் பதற வேண்டாம். மெதுவாக இறங்கும் மருந்துதான், மருத்துவருக்குப் போன் போடுங்கள். ஆனால் அந்த இடைவெளியில் அவன் பழைய மாத்திரையைத் தொட்டிருந்தால், உடனே இதை நாக்குக்கு அடியில் வைக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவரை இழுத்துத் தள்ளிவிட்டு இது உட்காரப் பார்க்கும், நடுக்கம் ஒரேயடியாகக் கிளம்பிவிடும். உண்மையை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் மணிக்கு எடுக்கட்டும். அவன் பயமில்லாமல் உண்மையைச் சொல்லும்படி வீட்டை வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. திட்டுகிற வீட்டில் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

டாஸ்மாக்கும் தூக்க மாத்திரையும் இதோடு சேரவே கூடாது, மூச்சை அடக்கிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மாத்திரை டப்பாவுக்குப் பூட்டு போடுங்கள். குழந்தைக்கு ஒரு மாத்திரையே ஆபத்து. ஊசி போட்டிருந்தான் என்பதால் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனையை இன்னும் செய்யவில்லை என்றால் அரசு மருத்துவமனையில் செய்துவிடுங்கள். சி வகை இருந்தால்கூட இப்போது பெரும்பாலும் 12 வாரம் மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறது, அரசே இலவசமாகத் தருகிறது.

எத்தனை நாளைக்கு என்று அம்மா கேட்கிறார். குறைந்தது ஒரு வருடம், பலருக்கு அதற்கும் மேல். நிறுத்தும் பேச்சை அவனும் மருத்துவருமாக எடுக்கட்டும், அப்போதும் துளித்துளியாகத்தான் குறைப்பார்கள். தேயிலையைக் கவாத்து வெட்டியதும் அடுத்த வாரமே கொழுந்து வரவில்லையே என்று அம்மா செடியைத் திட்டுவாரா என்ன?

பல் கூச்சத்துக்கு மாத்திரை காரணமாக இருக்கலாம். நாக்குக்கு அடியில் கரையும் புப்ரெனார்ஃபின் பல்லைக் கெடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் எச்சரித்திருக்கிறது. அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. ஐந்து பத்து நிமிடம் பேசாமல், எச்சிலை விழுங்காமல் முழுக்கக் கரையட்டும். கரைந்ததும் ஒரு வாய் தண்ணீரைப் பல்லெல்லாம் படும்படி சுழற்றி விழுங்கச் சொல்லுங்கள். உடனே பல் தேய்க்கக் கூடாது, ஒரு மணி நேரம் போகட்டும். அடுத்த முறை கோவைக்குப் போகும்போது பல் டாக்டரையும் பார்த்துவிட்டு வரட்டும். எடுக்கும் மாத்திரையின் பெயரை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், பல் பிடுங்க நேர்ந்தால் எந்த வலி மருந்து கொடுப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.